நம் இரவு, அவர்களின் பகல்

கடல் கடந்து வணிகம் செய்வது நம் மக்களுக்குப் புதிதன்று. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் நாகூரிலிருந்தும் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று சென்று கடை வைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் பலர் இன்று இவ்விதழின் வாசகர்களாக இருக்கக்கூடும். அந்நாளில் சரக்கைப் பற்றி ஓர் ஐயம் எழுந்தால் கடிதம் எழுதுவார்கள். அது கப்பலேறிச் செல்லும். மறுமொழியும் கப்பலேறியே வரும். அதுவரை இரு தரப்பாரும் பொறுமையோடு காத்திருந்தார்கள். காத்திருத்தலும் வணிகத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இன்று கைபேசியும் இணைய வசதியும் உள்ள வீடு எதுவாயினும், அதுவே ஒரு பன்னாட்டுக் கடையாகிவிட முடியும். ஆம்பூரில் தைத்த தோல் பையையும், பத்தமடையில் நெய்த கோரைப் பாயையும் அமெரிக்காவில் இருப்பவர் படத்தைப் பார்த்தே வாங்குகிறார். கப்பல்கள் செய்யாத ஒன்றை இணையம் செய்துவிட்டது, தொலைவை அழித்துவிட்டது. ஆனால், இணையத்தாலும் அழிக்க இயலாத ஒன்று இருக்கிறது. அதுதான் நேர வேறுபாடு. அவர் கேள்வி கேட்கும் பொழுதில் நாம் உறங்கிக் கொண்டிருக்கிறோம். நாம் விடை எழுதும் பொழுதில் அவர் உறங்கிக் கொண்டிருக்கிறார்.

இந்த வேறுபாட்டைச் சரியாகக் கையாளாத காரணத்தால் நல்ல சரக்கு வைத்திருந்தும் பெயர் கெட்டவர்கள் உண்டு. பெயரைக் காப்பாற்றும் முயற்சியில் உடல்நலத்தையும் வீட்டின் அமைதியையும் இழந்தவர்களும் உண்டு. இவ்விரண்டும் நேராமல் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேவை செய்வது எப்படி என்பதை இம்மாதம் பார்ப்போம்.

கடிகாரங்கள் ஏன் வேறுபடுகின்றன?

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். எனவே கிழக்கே உள்ள ஊரில் சூரியன் முன்னதாக உச்சிக்கு வருகிறது. மேற்கே உள்ள ஊரில் பின்னர் வருகிறது. இரயில் வண்டி வரும் வரை ஒவ்வோர் ஊரும் தன் நண்பகலைத் தானே வகுத்துக்கொண்டது. இரயில் வந்த பின்னர் அது இயலாமற் போயிற்று. ஊருக்கு ஊர் நேரம் மாறினால் கால அட்டவணை எப்படி எழுதுவது? ஆகவே நம் நாட்டு இரயில்வே நெடுங்காலம் சென்னை நேரத்தைப் பொது நேரமாகக் கொண்டிருந்தது.

1884ஆம் ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, இலண்டன் அருகிலுள்ள கிரீன்விச் வழியே செல்லும் கோட்டை உலகின் தொடக்கக் கோடாக ஏற்றனர். 1906 ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. கிரீன்விச்சுக்குக் கிழக்கே 82½ பாகையில், உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் அருகே செல்லும் கோட்டை அடிப்படையாகக் கொண்ட நேரம் இது. 82½ஐ 4 நிமிடத்தால் பெருக்கினால் 330 நிமிடம். அதாவது 5½ மணி நேரம்.

இந்த அரை மணி நேரம் வணிகர்கள் கவனத்தில் வைக்க வேண்டிய ஒன்றாகும். உலகின் பெரும்பாலான நாடுகள் கிரீன்விச்சிலிருந்து முழு மணிக் கணக்கில் விலகி நிற்கின்றன. நாமும் இலங்கையும் வேறு சில நாடுகளும் அரை மணிக் கணக்கில் நிற்கிறோம். வெளிநாட்டவர் நம் நேரத்தைக் கணக்கிடும்போது அந்த அரை மணியை விட்டுவிடுவது இயல்பே. தொலைபேசியில் பேச நேரம் குறிக்கும்போது அவருடைய ஊர் நேரத்தையும் நம் நேரத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் இந்தக் குழப்பத்திற்கு இடமில்லை.

கடிகாரம் மனிதர்களின் உடன்பாடு என்பதால் அது மாற்றத்திற்கும் உரியது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 ஜனவரி முதல் நாள் தம் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தன. அதுவரை நமக்கும் அவர்களுக்கும் 2 மணி நேரமாக இருந்த இடைவெளி 2½ மணி நேரமாயிற்று. இலங்கை 1996இல் தன் நேரத்தை மாற்றியது. 2006 ஏப்ரலில் மீண்டும் நம் நேரத்திற்கே திரும்பியது.

இவை எப்போதோ ஒருமுறை நிகழ்ந்தவை. ஆண்டுக்கு இரு முறை தவறாமல் நிகழும் மாற்றம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே நகர்த்துவார்கள். 2007 முதல் அங்கு இதுவே முறை. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இம்மாற்றம் மார்ச் மாதக் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் நிகழ்கிறது. எனவே மார்ச்சில் இரண்டு, மூன்று வாரங்களும், இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் நியூயார்க்குக்கும் இலண்டனுக்கும் இடையேயுள்ள வழக்கமான வேறுபாடே மாறிவிடுகிறது. நம் கடிகாரமோ அசைவதில்லை. கோடையில் நியூயார்க் நமக்கு 9½ மணி நேரம் பின்தங்கியிருக்கும். குளிர்காலத்தில் 10½ மணி நேரம். இந்த ஞாயிற்றுக்கிழமைகளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி பயணம் செய்யும் விதம்

பத்தமடைக் குடும்பம் ஒன்று பாய்களை இணையத்தில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடைக் காலம். நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு ஓர் அம்மையார், "பாயின் அகலம் எவ்வளவு?" என்று கேட்டு எழுதுகிறார். அப்போது பத்தமடையில் இரவு 11:30. வீட்டார் காலை 9 மணிக்குக் கைபேசியைத் திறந்து, "எத்தனை அகலம் வேண்டும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அப்போது நியூயார்க்கில் இரவு 11:30. அம்மையார் மறுநாள் பிற்பகல் அதைப் பார்த்து விடை எழுதுகிறார். அந்த விடையை இவர்கள் அதற்கடுத்த நாள் காலையில் பார்க்கிறார்கள்.

எவரும் சோம்பி இருக்கவில்லை. இருவரும் கண்ட உடனேயே விடை எழுதியிருக்கிறார்கள். ஆயினும் இரண்டு நாட்கள் கழிந்துவிட்டன. அகலம் இன்னும் தெரிந்தபாடில்லை. அதற்குள் அந்த அம்மையார் வேறு கடைக்குச் சென்றிருந்தால் அவரைக் குறை கூற முடியுமா?

சந்தையின் விதிகள்

வாடிக்கையாளரின் பொறுமைக்கு எல்லை இருப்பது போலவே, விற்பனைத் தளங்களும் எல்லை வகுத்து வைத்திருக்கின்றன. வாங்குபவரின் மடலுக்கு 24 மணி நேரத்திற்குள் மறுமொழி தர வேண்டும் என்று அமேசான் விற்பனையாளர்களிடம் எதிர்பார்க்கிறது. வார விடுமுறையும் பண்டிகை நாட்களும் இக்கணக்கில் விலக்கப்படுவதில்லை. கைவினைப் பொருட்களுக்குப் பெயர் பெற்ற எட்சி தளம் 2021இல் நட்சத்திர விற்பனையாளர் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் மடல்களில் 95 விழுக்காட்டிற்கு 24 மணி நேரத்திற்குள் மறுமொழி தந்திருக்க வேண்டும் என்பதையும் ஒரு தகுதியாக வைத்தது. ஈபே தளத்தின் கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் ஓடுகிறது. அது நமக்குக் கோடையில் 12½ மணி நேரமும் குளிர்காலத்தில் 13½ மணி நேரமும் பின்தங்கியது. ஆகவே அங்கு ஒரு தேதி தொடங்குவதும் முடிவதும் நம் நாட்காட்டியின்படி அல்ல.

இவ்விதிகளை ஒவ்வொரு தளமும் அவ்வப்போது திருத்துவதுண்டு. நீங்கள் விற்கும் தளத்தின் விதியை அதன் பக்கத்திலேயே படித்து, தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்வது நலம்.

விழித்திருந்தால் தீருமா?

இவற்றையெல்லாம் கண்டு அஞ்சிய பலர் ஒரே ஒரு வழியைத்தான் கைக்கொள்கிறார்கள், இரவெல்லாம் விழித்திருப்பது. கைபேசி தலைமாட்டில் இருக்கும். 'டிங்' என்ற ஓசை கேட்கும் போதெல்லாம் எழுந்து விடை எழுதுவார்கள். பகலில் தையல், பொதி கட்டுதல், அஞ்சலகம், சமையல், பிள்ளைகளின் பாடம். இரவில் அமெரிக்காவுக்குக் காவல். வீட்டிலிருந்தே நடக்கும் வணிகமாதலால் இச்சுமை பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்மணியின் தோளிலோ, படிப்பை அப்போதுதான் முடித்த மகனின் தோளிலோ விழுகிறது. சுபுஹுத் தொழுகைக்கு எழ வேண்டிய நேரத்தில் அவர்கள் அயர்ந்து உறங்கிப் போகிறார்கள். பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். வருமானம் வருகிறது, வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும் நேரம் போய்விடுகிறது.

உடலும் இதை மன்னிப்பதில்லை. நம் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் இயக்கத்தை விளக்கிய மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு முறைப் பணியைப் 'புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்' என்று கருதத்தக்கவற்றின் வரிசையில் 2007இல் சேர்த்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதிப்படுத்தியது. ஓரிரு நாள் விழிப்பால் ஒன்றும் ஆகிவிடாது. ஆண்டுக்கணக்கில் இரவைப் பகலாக்குவது வேறு.

இத்தனை தியாகமும் தேவைதானா? தேவையில்லை என்பதை எளிய கணக்கே காட்டிவிடும்.

இரண்டு அமர்வுகள் போதும்

தளங்கள் கேட்பது 24 மணி நேரத்திற்குள் மறுமொழி. 24 மணி நேர விழிப்பு அன்று. நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும். அந்த இரண்டு வேளைகளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது.

முதல் அமர்வு சுபுஹுக்குப் பின், காலை 6 முதல் 7 வரை. காலை 6 மணிக்கு நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு 7:30 அல்லது 8:30. லாஸ் ஏஞ்சலிஸில் மாலை 4:30 அல்லது 5:30. வேலை முடிந்து வீட்டிற்கு வந்தவர்கள் அமைதியாக அமர்ந்து மடல் பார்க்கும் வேளை இது. அதே நேரத்தில் கோலாலம்பூரில் காலை 8:30. சிட்னியில் முற்பகல் 10:30. அவர்களின் கோடையில் 11:30. வைகறையில் எழும் பழக்கமுள்ள வீட்டிற்கு அமெரிக்காவின் மாலையும் ஆஸ்திரேலியாவின் முற்பகலும் ஒரே வேளையில் கிடைக்கின்றன. காலை 9 மணிக்குக் கடை திறப்பவருக்கு அமெரிக்காவின் கிழக்குக் கரை உறங்கப் போய்விடுகிறது.

இரண்டாவது அமர்வு இஷாவுக்குப் பின், இரவு 8:30 முதல் 9:30 வரை. இரவு 9 மணிக்கு இலண்டனில் பிற்பகல் 3:30 அல்லது 4:30. நியூயார்க்கில் முற்பகல் 10:30 அல்லது 11:30. ரியாத்தில் மாலை 6:30. துபாயில் இரவு 7:30. இவை யாவும் மக்கள் விழித்திருக்கும் நேரங்களே.

இப்போது இடைவெளியைக் கணக்கிடுங்கள். காலை 7 முதல் இரவு 8:30 வரை 13½ மணி நேரம். இரவு 9:30 முதல் காலை 6 வரை 8½ மணி நேரம். எந்த நொடியில் மடல் வந்தாலும் 13½ மணி நேரத்திற்கு மேல் அது நம் கண்ணில் படாமல் கிடக்காது. விதி கேட்கும் 24 மணி நேரத்திற்குள் இது தாராளமாக அடங்கிவிடுகிறது. இரவு 9:30க்குக் கைபேசியை அணைத்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம். எட்டு மணி நேரமும் நமக்கே சொந்தம்.

மேலே சொன்ன பத்தமடைக் குடும்பம் காலை 9 மணிக்குப் பதிலாக 6 மணிக்கு மடலைத் திறந்திருந்தால் நியூயார்க்கில் இரவு 8:30. அம்மையார் விழித்திருப்பார். பாயும் அன்றே விற்றிருக்கலாம்.

ஒரே மறுமொழியில் முழு விடை

ஒவ்வொரு கேள்விக்கும் மறுகேள்வி கேட்டால் ஒரு நாள் போய்விடுகிறது என்று பார்த்தோம். ஆகவே தொலைதூர வாடிக்கையாளருக்கு எழுதும் மறுமொழி, அவர் அடுத்துக் கேட்கக் கூடியவற்றிற்கும் விடையாக இருக்க வேண்டும். "எத்தனை அகலம் வேண்டும்?" என்று கேட்பதற்குப் பதிலாக, இருக்கும் மூன்று அளவுகளையும், ஒவ்வொன்றின் விலையையும், எந்தக் கட்டிலுக்கு எது பொருந்தும் என்பதையும், இன்று வாங்கினால் எந்தத் தேதியில் அனுப்பப்படும் என்பதையும் ஒரே மடலில் எழுதிவிடலாம். அளவுகளை அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் தர வேண்டும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான விடைகளை முன்னரே எழுதிக் கடைப் பக்கத்தில் வைத்துவிட்டால், நாம் உறங்கும்போது அந்தப் பக்கம் நமக்காக விடை சொல்லிக் கொண்டிருக்கும்.

மடலில் 'இன்று', 'நாளை' என்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். நாம் சனிக்கிழமை காலையில் "நாளை அனுப்புகிறேன்" என்று எழுதினால் அது ஞாயிற்றைக் குறிக்கும். அமெரிக்காவில் அதைப் படிப்பவருக்கு அப்போது வெள்ளிக்கிழமை இரவு. அவர் சனிக்கிழமை என்று எண்ணிக்கொள்வார். ஒரு நாள் தாமதம் செய்த பழி நம் மேல் விழும். எண்களால் மட்டும் தேதி எழுதுவதும் ஆபத்தே. 5/6 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. கிழமையையும் மாதத்தின் பெயரையும் எழுத்தால் எழுதி, 'இந்திய நேரப்படி' என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

விடுமுறைகளும் ஒன்றல்ல

ஒரு நாட்டின் ஓய்வு நாள் மற்றொரு நாட்டின் வேலை நாள். சவூதி அரேபியா 2013இல் வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றியது. ஐக்கிய அரபு அமீரகத்தின் அரசு அலுவலகங்கள் 2022 ஜனவரியில் வெள்ளி அரை நாள் வேலை, சனி, ஞாயிறு விடுமுறை என்ற முறைக்கு வந்தன. ஆகவே ரியாத்தில் உள்ள அலுவலகத்திடமிருந்து சனிக்கிழமையும், துபாயில் உள்ள அரசு அலுவலகத்திடமிருந்து ஞாயிற்றுக்கிழமையும் மறுமொழி வரவில்லையே என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

நம் ஓய்வு நாளில்தான் விதி மீறப்படும் அபாயம் மிகுதி. நியூயார்க்கில் சனிக்கிழமை நண்பகலில் மடல் எழுதப்படுகிறது என்று கொள்வோம். கோடையானால் நமக்குச் சனி இரவு 9:30, அமர்வு முடிந்துவிட்டது. ஞாயிறு முழுவதும் பார்க்காமல் திங்கள் காலை 6 மணிக்குத் திறந்தால் 32½ மணி நேரம் கடந்துவிட்டது. எனவே ஓய்வு நாளிலும் கால் மணி நேரமாவது ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். ரமளானில் அமர்வுகளை ஸஹருக்குப் பின்னும் தராவீஹுக்குப் பின்னும் மாற்றிக்கொள்ளலாம். பெருநாளுக்கும் திருமணத்திற்கும் சில நாட்கள் கடையை மூட வேண்டுமானால், தளம் தரும் விடுமுறை வசதியை முன்கூட்டியே பயன்படுத்தி, திறக்கும் தேதியையும் அறிவித்துவிடுங்கள்.

பெரிய நிறுவனங்கள் ஒரு நாட்டு அலுவலகம் மூடும் வேளையில் மற்றொரு நாட்டு அலுவலகத்திடம் பணியை ஒப்படைத்து, சூரியனோடு சேர்ந்து சுற்றி வருகின்றன. நம் குடும்பங்களில் துபாயிலோ கோலாலம்பூரிலோ இலண்டனிலோ ஓர் உறவினர் இருப்பது அரிதன்று. பண்டிகைக் கால நெருக்கடியில் அவரிடம் ஒரு வேளையை ஒப்படைக்கலாம். ஆனால் உறவு என்பதற்காக இலவசமாக உழைக்கச் செய்யக் கூடாது. ஊதியத்தை முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். எந்த வாடிக்கையாளருக்கு என்ன வாக்குறுதி தரப்பட்டது என்பதை இருவரும் பார்க்கக் கூடிய ஒரே பதிவேட்டில் எழுதி வர வேண்டும். இல்லையேல் ஒருவர் தந்த வாக்கை மற்றவர் மறுக்க நேரும்.

சொல்லிவிட்டால் பொறுப்பார்கள்

சில கடைப் பக்கங்களில் '24 மணி நேரமும் சேவை' என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். இருவர் நடத்தும் கடையால் அது இயலாது என்பது எழுதியவருக்கே தெரியும். இயலாததை எழுதுவது வாணிகத்தில் முதல் பொய்யாகிவிடுகிறது. அதை நம்பிய வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்திலேயே பொறுமை இழக்கிறார்.

அதற்குப் பதிலாக, "நாங்கள் தென்னிந்தியாவில் இருக்கிறோம். எங்கள் நேரப்படி காலை 6 முதல் 7 வரையிலும், இரவு 8:30 முதல் 9:30 வரையிலும் உங்கள் மடல்களுக்கு மறுமொழி எழுதுகிறோம். எப்போது எழுதினாலும் 14 மணி நேரத்திற்குள் விடை வரும்" என்று எழுதிப் பாருங்கள். அதனருகே அவர்களுடைய ஊர் நேரத்தையும் குறியுங்கள். ஓய்வு நாளில் ஒரு முறைதான் பார்ப்பீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். மடல் வந்தவுடன் தானாகச் செல்லும் மறுமொழியிலும் இவற்றையே எழுதுங்கள்.

வாடிக்கையாளருக்குத் தாமதம் பெரிய துன்பமன்று. எப்போது விடை வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் துன்பம். நேரத்தைச் சொல்லி, சொன்ன நேரத்தில் விடை தந்தால், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரும் பொறுப்பார். கப்பலுக்காகக் காத்திருந்த அந்நாளைய வாடிக்கையாளர் பொறுத்ததும், கடைக்காரர் சொன்ன சொல்லை நம்பித்தானே?

இன்றிரவே குடும்பத்தோடு அமர்ந்து உங்கள் இரண்டு வேளைகளை முடிவு செய்யுங்கள். எந்த வேளை யாருடையது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். இரவு 9:30க்குக் கடை மூடட்டும். வணிகம் நமக்காக, நாம் வணிகத்திற்காக அல்ல.